மாடியில் இரண்டு கதவு

மயிலாடுதுறை
ஏப்ரல் 7

வினோதாவுக்கு,

புனிதா இங்கே என்னோடு நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். சாப்பிடுகிறாள், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். போன் மணி அடித்தால் மட்டும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறாள். யாருடைய போன் என்று பார்ப்பதுகூட இல்லை.

அதனால்தான் உன் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் உனக்குப் போன் செய்தபோது மணி ஆறரை. பிள்ளை மூன்றரையிலிருந்து கேட்டருகே நிற்கிறாள். "ஒங்க பொண்ணு புனிதா இன்னும் இங்கதாம்மா நிக்கிது" என்கிறார் அவர். "எந்தப் புனிதா?" என்று கேட்டாய் நீ. அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. உன் குரல் எப்படி இருந்தது என்று அவளே எனக்குப் பேசிக் காட்டினாள், வினோ. ஒன்பது வயதுப் பிள்ளை, நாக்கைத் தடித்தாற்போல வைத்துக்கொண்டு பேசிக் காட்டினாள்.

ஆகவே போன் கிடையாது. கையால் எழுது. இரட்டைக் கோடு நோட்டில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். போன தீபாவளிக்கு நீ எழுதிய சாமான் பட்டியலை நேற்று எடுத்துப் பார்த்தேன். வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. அப்போதே பார்த்திருக்க வேண்டும். குரலில் என்னை மூன்று வருஷம் ஏமாற்றிவிட்டாய், எழுத்தில் முடியாது.

ஆதவன் இறந்த பிறகு அந்த வீட்டில் பிள்ளையோடு தனியாக நீ எப்படி இருந்தாய் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அதற்காகப் பிள்ளையைக் கேட்டருகே நிற்க விட முடியாது. ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டங்கள் இருக்கின்றன என்கிறார்கள். பள்ளி திறப்பதற்குள் உனக்குத் தோதான கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, வாரம் தவறாமல் போய் உட்கார வேண்டும். போனால் புனிதாவை நானே கொண்டுவந்து விடுகிறேன். இல்லாவிட்டால் அங்கே டி.சி. வாங்கி, நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே சேர்த்துவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

அத்தானுக்கு வயிறு சரியில்லை, இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் சௌகரியம்.

சுகிர்தா


நெரவி
ஏப்ரல் 15

அக்கா,

இந்த வரி நேராக இருக்கிறதா பார். அடியில் கோடு போட்ட தாள் எதுவும் வைக்கவில்லை, சத்தியமாக.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்சலிங் கொடுக்கிற பெண் என்னைவிடச் சின்னவள். "யாருக்கும்மா?" என்று கேட்டாள். "எனக்கு" என்றேன். பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். காரைக்கால் பாரதியார் வீதிக்குப் பின்னால் தட்டச்சுப் பள்ளி மாடி, ஞாயிறு மாலை நாலு மணி.

மூன்று மணிக்கே போய்விட்டேன். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் ஆம்பளைகள். நாலரைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏறினேன். இடது பக்கக் கதவுக்கு வெளியே முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. ஒன்றுகூடப் பெண்பிள்ளைச் செருப்பு இல்லை. என்னுடையதை அதற்கு நடுவில் விடுவதா, தள்ளி விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இதைப் படித்து நீ சிரிப்பாய். எனக்கு அப்போது வேர்த்துவிட்டது.

உள்ளே ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பார்த்தால் வரிச்சிக்குடி மருதையன். மகனுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்தவர், என் கவுண்டருக்கு. அவரை நான் மூன்று தடவை நடக்க வைத்தேன். "மேடம், நீங்களா? ஆபீஸ் விசயமா வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "சேர் எடுத்துப் போடுங்க, மேடம் கொம்யூன்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார். முப்பது பேரும் எழுந்து நின்றார்கள், அக்கா. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? "ஆமாம், கட்டடத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று கேட்காதே. வேறு கூட்டம் தேடுகிறேன். புனிதா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

வினோ


மயிலாடுதுறை
ஏப்ரல் 21

வினோதா,

கேட்கவில்லை.

மருதையன் பார்த்தால் என்ன? அவரும் குடித்தவர்தானே. அவர் உன்னைப் பார்த்துச் சேர் போடச் சொன்னாரே தவிர, ஓடவில்லையே. ஓடியது நீ. கௌரவம் பார்க்கிற காலமா இது?

வரும் சனிக்கிழமை அத்தான் காரில் காரைக்கால் வருகிறார். உன் வீட்டிலிருந்து புனிதாவின் சைக்கிளை எடுத்து வருவார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். காபி போட்டுக் கொடு.

சுகிர்தா


நெரவி
மே 2

அக்கா,

சனிக்கிழமை நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். வேண்டுமென்றேதான் போனேன். அவரை இங்கே அனுப்பாதே. சைக்கிளை நான் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். காரணம் கேட்காதே.

அன்றைக்கு நாகப்பட்டினம் போனேன். அங்கேயும் ஒரு கூட்டம் நடக்கிறது, ஏழு மணிக்கு. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாததால் துணிந்து உட்கார்ந்தேன். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்தி. ஒருவர் நன்றாகவே பேசினார், பாதியில் எழுந்து வர மனசில்லை. ஆனால் பஸ் போய்விடுமே என்ற பயத்தில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது வாஞ்சூரில் புதுச்சேரி எல்லை தாண்டியதும் கண்ணில் படுகிற முதல் விளக்கே ஒயின் ஷாப் விளக்கு. பஸ் அங்கே நிற்கும். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே இறங்குகிறார்கள். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. வாராவாரம் அந்த நிறுத்தத்தைத் தாண்ட என்னால் ஆகுமா என்று தெரியவில்லை.

பிறகு போனிலேயே நடக்கிற கூட்டம் ஒன்று கிடைத்தது, சென்னைப் பெண்கள் நடத்துவது. வீட்டிலிருந்தபடியே சேரலாம். இதுதான் நமக்குத் தோது என்று நினைத்தேன். முகம் காட்டாமல் இருக்க வழி இருந்தது, குரல் கேட்காமல் அணைத்து வைக்கவும் வழி இருந்தது. ஒரு பெண் தான் எட்டு வருஷமாகக் குடிக்காமல் இருக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே தம்ளரில் ஊற்றிக் குடித்தேன். "நெரவி வினோதா, லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் இருக்கிறது பார். அதை அந்தப் போன் கூட்டத்தன்றே எழுதினேன். வரிகள் எப்படி இறங்குகின்றன என்று நீயே பார்ப்பாய். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கக் கூடாது என்று தோன்றியது.

வினோ


மயிலாடுதுறை
மே 7

வினோதா,

அந்தத் தாளைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவால் கோணல் எழுத்துகளையெல்லாம் சுழித்தேன், என் பிள்ளைகளின் நோட்டில் சுழிப்பது போல. அரைப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை. "எந்தப் புனிதான்னு நான் வேணும்னே கேக்கல" என்று ஒரே வாக்கியத்தை ஏழு தடவை எழுதியிருக்கிறாய்.

அத்தான் மேல் உனக்கு என்ன கோபம்? வெயிலில் உன் பூட்டிய வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டார். இரவு சாப்பாடுகூட வேண்டாம் என்றார். அவருக்கும் வயசாகிறது.

இருபத்தாறு நாள் இருக்கிறது. நான் வேறு எதுவும் எழுதவில்லை.

சுகிர்தா


நெரவி
மே 19

அக்கா,

கிடைத்துவிட்டது.

அதே தட்டச்சுப் பள்ளி மாடிதான். அதே ஞாயிறு நாலு மணிதான். வலது பக்கம் இன்னொரு அறை இருக்கிறது, அங்கே முழுக்கப் பெண்கள். நான் முதலில் போன அன்று வருஷப்பிறப்புக்கு முதல் நாள் என்று இவர்கள் கூடவில்லையாம். பன்னிரண்டு பேர். உறை போட்டு மூடிய தட்டச்சு மெஷின்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு வாரம் போய்விட்டேன். மே மூன்றாம் தேதியிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. கை நடுக்கம்கூடக் குறைந்திருக்கிறது, எழுத்தைப் பார்.

மாடிப்படியில் தயங்கி நின்ற என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனது மெஹர் பானு என்று ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயசிருக்கும். புருஷன், மகன்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய் வந்த குடும்பம். "புதுசாம்மா? வா, எங்களுக்கும் மொத நா இப்புடித்தான் காலு வரல" என்றார். இஞ்சி டீயை அவரே பிளாஸ்கில் கொண்டுவருகிறார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. ஒரு பெண் பேசும்போது மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

புனிதாவின் புத்தகங்களுக்குப் போட அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பழுப்பு அட்டை வேண்டாம், பூப் போட்டது வேண்டும் என்பாள். இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

வினோ


மயிலாடுதுறை
மே 24

வினோ,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எத்தனை வருஷமாகிறது இப்படி ஒரு எழுத்தை உன்னிடம் பார்த்து.

ஜூன் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் புனிதாவோடு வருகிறேன். அவளிடம் சொன்னேன். தன் சாமான்களை ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தப் பெண்கள் என்னதான் பேசுகிறார்கள்? எழுதேன். பன்னிரண்டு பெண்கள் நம் பக்கத்தில் குடிக்கிறார்கள் என்று என்னால் நம்பவே முடியவில்லை. ஆனால் யாரும் குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் கேட்பார்கள் என்பது, எப்படிச் சொல்வது, கேட்க நன்றாக இருக்கிறது.

அன்புடன்
அக்கா


நெரவி
மே 28

அக்கா,

இதைப் படித்ததும் நீ ஒன்றாம் தேதி வரமாட்டாய். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் குடிக்கிறவர்கள் இல்லை. குடிக்கிறவர்களின் பெண்டாட்டிகள், அம்மாக்கள், அக்காக்கள். இடது பக்க அறை குடித்தவர்களுக்கு, வலது பக்க அறை அவர்கள் வீட்டாருக்கு. மெஹர் பானு அம்மா என்னைப் படியில் பார்த்ததும் யாரோ ஒருவன் பெண்டாட்டி என்றுதான் எடுத்துக்கொண்டார். உள்ளே போன பிறகே எனக்கும் புரிந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போயிருக்க வேண்டும். "வீட்டுக்காரரா, மவனா?" என்று கேட்டார். "வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்தான். நீதானே பொட்டு வைப்பதை விடாதே என்றாய். பொட்டும் செயினுமாகப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

பீடி சிகரெட்கூடத் தொடாத ஆதவனை மூன்று வாரம் குடிகாரன் ஆக்கினேன். நான் செய்ததையெல்லாம் அவர் செய்ததாகச் சொன்னேன். பிள்ளையைக் கேட்டருகே மறந்ததை, "எந்தப் புனிதா?" என்று கேட்டதை. அப்படிச் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? எல்லோரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

போன ஞாயிறு கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. மெஹர் பானு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும். "ஒன் வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னு வந்தோம். அவரு திட்டுனாலும் பரவால்ல" என்றார்கள். கூடத்தில் ஆதவன் படம் இருக்கிறதே, மாலையோடு. மெஹர் பானு அம்மா அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "எப்பம்மா? போன வாரம்கூட ஒண்ணும் சொல்லலியே" என்றார். பிறகு படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் படித்தார். "மூணு வருசமா? நான் மூணு வாரமா அவரு கொணம் மாறணும்னு துஆ கேட்டுட்டு இருக்கேனே" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "குடிக்கிறது நான்தாம்மா" என்றேன்.

பிறகு அந்த அம்மா சமையல்கட்டுக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். திறக்காத பாட்டில். "எங்க அஞ்சு பேரு வூட்டுல இதே எடம்தான்" என்றார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டார். நான் கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கினேன். கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டு, டின்னை மூடிவிட்டு, "வர்ற ஞாயித்துக்கெழம கதவ மாத்திப் போ. நான் வெளியில நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இன்னும் குடிக்கவில்லை. இருபத்தைந்து நாள் ஆகிறது. அது பொய் இல்லை. ஆனால் இனி நீ எதை நம்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை. நேரான எழுத்தில் பொய் சொன்னேன், அக்கா. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

வினோ


மயிலாடுதுறை
மே 31

வினோதா,

செத்துப்போன மனுஷன் மேல் பழி போட உனக்கு எப்படி மனசு வந்தது? குடியைக்கூட மன்னித்துவிடுவேன்.

புனிதா பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். நான் சொல்லி அல்ல, என் முகத்தைப் பார்த்து.

டி.சி. கேட்டு எழுதும் படிவம் இத்துடன் இருக்கிறது. தாய் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. இந்த விஷயத்தில் வேறு எந்தக் கடிதமும் வேண்டாம்.

சுகிர்தா


நெரவி
ஜூன் 9

அக்கா,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை. எப்போது கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கு நீயே போட்டுக்கொள். புனிதாவுக்கு எது நல்லதோ அதைத்தான் செய்வாய். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. போட்டுவிட்டு இரண்டு நாள் கவரில் வைக்காமல் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது உண்மை.

இடது பக்கக் கதவுக்குள் இரண்டு வாரம் போயாகிவிட்டது. மெஹர் பானு அம்மா சொன்னபடியே வெளியில் நின்றார். அவர் மகன் தாரிக் அந்த அறையில்தான் உட்காருகிறான். மருதையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஆபீஸ் விசயமா மேடம்?" என்றார். "இல்லீங்க. ஒங்கள மாதிரித்தான் வந்திருக்கேன்" என்றேன். பிறகு தன் பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "ஒக்காருங்கம்மா" என்றார். மேடம் போய் அம்மா ஆகிவிட்டேன். என் முறை வந்தபோது பேர் மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் "என் பேர் வினோதா, நான் குடிநோயாளி" என்று சொன்னேன். பிறகு பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தனக்கும் நாலு வாரம் பேச்சு வரவில்லை என்றார் மருதையன். இப்போதும் அந்தப் படியில் ஏறுவதற்கு முன் ஜெராக்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இதுதான் எனக்குத் தோதான கூட்டமா என்று தெரியவில்லை. இருக்கிறது இதுதான்.

இப்போது நீ கேட்ட காரணம். சொல்லாமல் விட்டால் நான் அந்த அறையில் உட்காருவதே வேஷம்.

நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணம், எந்தத் தீபாவளி என்றாலும் பாட்டிலுக்குக் காரைக்கால்தானே வருவார்கள். உங்கள் பக்கத்தைவிட இங்கே விலை குறைவு. மாங்கனித் திருவிழாவுக்கு அம்மையாரைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் வெறும் மாம்பழத்தோடு திரும்பிப் போகிறார்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோனால் செக்போஸ்டில் பிடிப்பார்கள் என்று அத்தான் என் வீட்டில் வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் இரண்டிரண்டாக எடுத்துப் போவார். ஆதவன் இருந்தபோது அவரிடம் கேட்டுத்தான் வைத்தார். அவர் போன பிறகு கேட்கவும் இல்லை. "அரிசி டின்லயே இருக்கட்டும் வினோ, யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார்.

ஆதவன் போய் நாற்பது நாள் இருக்கும். தூக்கமே இல்லை. அரிசி எடுக்கப் போன கையில் பாட்டில் தட்டுப்பட்டது. மூடியில் ஊற்றி வெந்நீரில் கலந்து குடித்தேன். அவ்வளவுதான் ஆரம்பம். குறைந்த அளவுக்கு டீ டிகாக்ஷனை ஆற வைத்து ஊற்றி மூடிவிடுவேன். காரைக்கால் சரக்கு முன்னே மாதிரி இல்லை என்று அத்தான் உன் எதிரிலேயே குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? பிறகு அதுவும் போதவில்லை. ஆட்டோக்காரரிடம் காசு கொடுத்து, "மாயவரம் அத்தான் வாங்கி வைக்கச் சொன்னார்" என்றால் போதும். யாருக்காக என்று நம் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. மெஹர் பானு அம்மா எடுத்த பாட்டில், பங்குனியில் அத்தான் வைத்துவிட்டுப் போனது. மறுபடி கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்கிற தைரியம் இல்லாமல்தான் அன்றைக்குப் பூட்டிக்கொண்டு போனேன்.

அவர் மேல் பழி போடவில்லை. குடித்தது என் வாய். ஆனால் அந்த வலது பக்க அறையில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேனே, அங்கே பேசிய எல்லோருக்கும் உன் குரல், அக்கா. "அவருக்கு வயிறு சரியில்ல, ரெண்டு நாளா வேலைக்குப் போகல." "தலவலின்னு படுத்துட்டாரு." "அவருக்கும் வயசாகுதுல்ல." ஒவ்வொருத்தியும் இதைத்தான் சொன்னாள். எனக்கு அங்கே அழுகை வந்தது என்னை நினைத்து இல்லை.

ஞாயிறு நாலு மணிக்கு அந்த அறையில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

வினோ


மயிலாடுதுறை
ஜூன் 25

வினோ,

பதினாறு நாள் எழுதவில்லை. முதலில் உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு அத்தானிடம் காட்டினேன். "ஒன் தங்கச்சிக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்றார்.

அந்தப் பை நினைவிருக்கிறதா, அவருடைய பழைய பேன்ட்டில் நான் தைத்தது? உள்ளே ஆறு அறை வைத்துத் தைத்தேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வரக்கூடாது என்று. குளிர்பானத்துக்கு என்று உன்னிடம் சொன்னேன். அதை உன் சமையல்கட்டில் இறக்கி வைத்தது ஒரு தடவை நானே. ஆதவன் போய் முப்பதாம் நாள் கும்பிட வந்தோமே, அன்றைக்கு. நீ அந்தப் பாட்டிலைப் பற்றி எழுதியபோது எனக்கு அந்தப் பையின் நிறம்தான் முதலில் கண்ணில் வந்தது. நீ அதை எழுதவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே என்னைச் சொல்லாமல் விட்டுவிட்டாயா என்று தெரியவில்லை.

புனிதா இப்போது போன் மணி அடித்தால் உள்ளே போவதில்லை. சாயங்காலம் அத்தான் வண்டிச் சத்தம் கேட்டால் போகிறாள். ஒரு வாரமாகப் பார்க்கிறேன். முந்தாநாள் நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே உள்ளறைக்குப் போனேன், என்ன செய்கிறாள் என்று பார்க்க. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் நானும் ஏதாவது வேலை இருப்பது போல உள்ளேதான் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் வரிகள் எப்படி இறங்குகின்றன பார். சிவப்புப் பேனா எடுத்துச் சுழித்துவிடாதே. நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். காலையில் உன் வீடு, நாலு மணிக்கு அந்த மாடி. திங்கட்கிழமை அவள் தன் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், ஒரு மாதம் போனதை நான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். நீ மறுபடி குடித்தால் மறுபடி வந்து தூக்கிக்கொண்டு போவேன், அதையும் எழுதி வைத்துவிடுகிறேன். அந்த அறையில் நான் என்ன சொல்ல வேண்டும்? பேர் சொன்னால் போதுமா? என்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது அங்கே இருந்தால் என்ன செய்வது? ஜெராக்ஸ் கடையில் நின்று முதலில் பார்த்துக்கொள்ளலாமா?

தாளைத் திருப்பிப் பார். உன் கையெழுத்தோடு இருந்த டி.சி. படிவத்தின் பின்பக்கத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். இனி இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாங்க மாட்டார்கள்.

கவரில் விலாசம் எழுதியது புனிதா. அனுப்புநர் இடத்தில் என் பேரை எழுதச் சொன்னேன். அவள் "உங்க புனிதா" என்று எழுதிவிட்டாள். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே தபாலில் போடுகிறேன்.

அக்கா